100 புள்ளி எடுத்தவர் ஏன் கடைசியில் வந்தார்?

செய்முறை அறிக்கைகளைத் திருத்தும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஓர் இரகசியம் தெரியும். மாணவர்களில் பலர் கருதுகோளைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள். பரிசோதனையை முடித்து, அட்டவணையை நிரப்பி, வரைபடத்தையும் வரைந்துவிட்டு, மேலே காலியாக விட்டிருந்த இரண்டு வரிகளுக்குத் திரும்பிப் போகிறார்கள். ‘ஊசலின் நீளம் அதிகரித்தால் அலைவு நேரமும் அதிகரிக்கும்’ என்று அழகாக எழுதி முடிக்கிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருடைய கருதுகோள்கூடப் பொய்க்கவில்லை என்றால், நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை.

இதற்காக நானும் பலமுறை மாணவர்களைக் கண்டித்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் கிட்டத்தட்ட அதே தவற்றை நானே கணினியில் செய்தேன். அதுவும் மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது.

பள்ளியில் நடந்த அறிவியல் புதிர்ப் போட்டிக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய பக்கம் எழுதியிருந்தேன். பெயரையும் புள்ளியையும் தட்டினால் போதும். அது புள்ளிகளை வரிசைப்படுத்தி, பெயர்களைப் பொருத்தி, யார் எந்த இடம் என்று திரையில் காட்டும். குறைந்த புள்ளி எடுத்தவர்களுக்குக் கூச்சம் வரக்கூடாது என்று புள்ளியைக் காட்டாமல் இடத்தை மட்டும் காட்டும்படி செய்திருந்தேன். எழுதி முடித்ததும் 60, 85, 72 என்று மூன்று எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். 85, 72, 60 என்று வந்தது. வேலை செய்கிறது என்று மனநிறைவோடு மூடிவைத்தேன். இரண்டு போட்டிகளில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றாவது போட்டியில் பட்டியலின் அடியில், கடைசி இடத்தில், நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியின் பெயர் வந்தது. அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், நான் எந்தக் கேள்வியில தப்பு செஞ்சேன்?” என்று மட்டும் கேட்டாள். அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தோம். எதிலும் தப்பில்லை. 100க்கு 100.

ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் கட்டளைக்கு ‘சார்ட்’ என்று பெயர். எப்படி ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது எண்களை எண்களாகப் பார்க்காது. எழுத்துகளாக மாற்றி, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல அடுக்கும். அகராதியில் ‘அரசாங்கம்’ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ‘ஆடு’ என்ற சொல்லுக்கு முன்னால்தான் வரும். முதல் எழுத்துதான் முக்கியம். அதுபோல ‘100’ என்பது 1இல் தொடங்குவதால் ‘45’க்கு முன்னால் போய் நிற்கும். பெரியது மேலே வர வேண்டும் என்று நான் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பியபோது அது அடியில் போய் விழுந்தது. எல்லாரும் இரட்டை இலக்கத்தில் எடுக்கும்வரை அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் முதல் இரண்டு போட்டிகளிலும் எனக்குத் தெரியவில்லை. அன்று யாரும் ஒற்றை இலக்கத்தில் எடுக்கவில்லை; எடுத்திருந்தால் கூத்து இன்னும் பெரிதாகியிருக்கும். 9 புள்ளி எடுத்தவர் 88 எடுத்தவருக்கு மேலே உட்கார்ந்திருப்பார்.

கணினி அறிவியல் பாடத்தில் மூன்று வகைப் பிழைகளைப் படிக்கிறோம். தொடரியல் பிழை வந்தால் நிரல் ஓடவே ஓடாது. இயங்குநேரப் பிழை வந்தால் பாதியில் நின்றுவிடும். இரண்டும் தாமாகவே கூச்சல் போடுபவை. மூன்றாவதான தருக்கப் பிழைதான் ஊமை. நிரல் ஓடும், விடை வரும், திரை அழகாக இருக்கும். விடை மட்டும் தவறு. இந்த ஊமையைப் பேசவைக்க ஒரு கருவி இருக்கிறது. அதை நம் மாணவர்கள் மிகவும் தாமதமாகத்தான் அறிகிறார்கள் என்பதே என் ஆதங்கம்.

அந்தக் கருவியின் பெயர் அசெர்ஷன் நிரலகம். பெயர்தான் பயமுறுத்தும், செய்தி எளியது. அசெர்ஷன் என்றால் ‘இந்த இடத்தில் விடை இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று அடித்துச் சொல்லும் ஒரு வரி. அந்த வரி உண்மையானால் நிரலகம் பேசாமல் இருக்கும். பொய்யானால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று இரண்டையும் காட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கு இப்படிப் பல உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ‘சாய்’. ஆம், நாம் குடிக்கும் தேநீர்தான். சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிடும் ‘மோக்கா’வுடன் சேர்த்து அதைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். தேநீரும் காப்பியும் ஒரே மேசையில். (நிரல் எழுதுபவர்கள் எதைக் குடித்து உயிர்வாழ்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.)

என் பக்கத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான்:

எக்ஸ்பெக்ட்(தரவரிசை([45, 100, 9, 97, 88])).டு.டீப்.ஈக்வல்([100, 97, 88, 45, 9])

எக்ஸ்பெக்ட், டு, டீப், ஈக்வல் ஆகியவற்றைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ‘தரவரிசை’ என்ற பெயரை அப்படியே தமிழில் தட்டலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். முயன்று பாருங்கள். இந்த ஐந்து எண்களையும் தரவரிசைக்குக் கொடுத்தால் 100, 97, 88, 45, 9 என்று திரும்பி வரும் என எதிர்பார்க்கிறேன் என்பதே இதன் பொருள். என் பழைய நிரலை இந்த வரியோடு ஓட்டியிருந்தால், ‘97, 9, 88, 45, 100 வந்திருக்கிறது, நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை’ என்று சிவப்பில் காட்டியிருக்கும். வீட்டில், தனியாக, யார் மனமும் நோகாமல்.

பிறகு நான் நிரலைத் திருத்தியபோதும் இந்த வரி ஒருமுறை காப்பாற்றியது. பெரியதிலிருந்து சிறியதாக எண்களாகவே ஒப்பிடு என்று சார்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பழைய ‘தலைகீழாகத் திருப்பு’ கட்டளையை நீக்க மறந்துவிட்டேன். ஓட்டினால் 9 முதலிடத்தில். சோதனை உடனே சிவந்தது. கண்ணால் பார்த்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருப்பேன் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், இருபதாவது முறையும், ஐந்து எண்களைத் தட்டி உற்றுப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. நிரலகத்துக்கு இருக்கிறது.

அந்த வரியில் உள்ள ‘டீப்’ என்ற சொல்லைச் சிலர் விட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இரண்டு பட்டியல்களிலும் அதே எண்கள் இருக்கும், சோதனையோ தோற்றுப்போகும். இரண்டு முகவைகளில் ஒரே அளவு, ஒரே செறிவுள்ள உப்புக் கரைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றா? உள்ளே இருப்பதைக் கேட்டால் ஒன்று. முகவையைக் கேட்டால் வேறு வேறு. வெறும் ‘ஈக்வல்’ பட்டியல்களைப் பொறுத்தவரை ‘இது அதே முகவையா?’ என்று கேட்கும். ‘டீப்’ சேர்த்தால் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக ஒப்பிடும்.

தசம எண்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்வதால் 0.1ஐ அதனால் துல்லியமாக எழுத முடியாது; நம்மால் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல. ஆகவே 0.3க்குச் சமம் என்று அடித்துச் சொன்னால் சோதனை தோற்கும். சாய் நிரலகத்தில் இதற்கென்றே ‘குளோஸ் டு’ என்று ஒன்று இருக்கிறது: இந்த எண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் போதும். அளவுகோலால் அளந்து, கூட்டல் கழித்தல் 0.1 சென்டிமீட்டர் என்று எழுதிப் பழகிய உங்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு பொறியும் உண்டு. சாய் நிரலகத்தில் எழுதும் முறை ஒன்றல்ல. ‘எக்ஸ்பெக்ட்’ முறையில் ‘ஈக்வல்’ கறாரானது. 75 என்ற எண்ணும் ‘75’ என்ற எழுத்துத் தொடரும் அதற்கு வேறு வேறு. ‘அசெர்ட்’ என்ற முறையில் அதே ‘ஈக்வல்’ தளர்வானது. இரண்டையும் சமம் என்று விட்டுவிடும். இது சிறிய விஷயம் அல்ல. இணையப் பக்கத்தின் பெட்டியில் நாம் தட்டுவது எல்லாம் எழுத்துத் தொடராகவே வந்துசேரும். செய்முறைக்கு 35, எழுத்துத் தேர்வுக்கு 40 என்று தட்டி, எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 75 வராது, 3540 வரும். ஆகவே தொடங்குபவர்கள் ‘எக்ஸ்பெக்ட்’ முறையைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிரலகம் ஒப்பிடும் வேலையை மட்டுமே செய்யும். எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிரலை ஓட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

நம் கடைகளில் நடக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருகிறார்கள். 1, 2 சென் கீழே இறங்கும். 3, 4 சென் ஐந்தாக ஏறும். 6, 7 ஐந்தாக இறங்கும். 8, 9 பத்தாக ஏறும். இதற்கு ஒரு நிரல் எழுதச் சொன்னால் ஒருவர் தவறுதலாக எப்போதுமே மேலே ஏற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10.03 ரிங்கிட்டைக் கொடுத்துச் சோதித்தால் 10.05 வரும், சரி. 10.08 கொடுத்தால் 10.10, அதுவும் சரி. சோதனைகள் எல்லாம் பச்சை. ஆனால் 10.01 ரிங்கிட்டுக்கு அந்த நிரல் 10.05 கேட்கும். வாடிக்கையாளரிடமிருந்து 4 சென் போய்விடும். 10.00, 10.05, 10.10 என்று உருண்டையான தொகைகளை மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கோ ஏற்றினாலும் இறக்கினாலும் எல்லாம் சரியாகவே தெரியும். 60, 85, 72 கொடுத்துச் சோதித்த நான் இவருக்குச் சற்றும் குறைந்தவள் அல்லள்.

10.00இலிருந்து 10.09 வரை பத்துத் தொகைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வர வேண்டிய விடையை எழுதுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. அப்படி எழுதும்போதே இன்னொரு கேள்வி எழும்: ஒவ்வொரு பொருளின் விலையையும் மாற்ற வேண்டுமா, மொத்தத்தை மட்டுமா? 1.03 ரிங்கிட் பொருள் இரண்டு வாங்கினால், தனித்தனியே மாற்றும்போது 2.10 ஆகும்; மொத்தமாக 2.06ஐ மாற்றினால் 2.05. விதி மொத்தத் தொகைக்குத்தான். இந்தத் தெளிவு நிரலிலிருந்து வராது. வெளியே, விதியைப் படித்தவருக்குத்தான் வரும்.

இங்கேதான் செய்முறை அறிக்கையில் நடக்கும் அதே திருட்டு நடக்கிறது. நிரலை ஓட்டிப் பார்த்து, திரையில் வந்த எண்ணை நகலெடுத்து, ‘இதைத்தான் எதிர்பார்த்தேன்’ என்று சோதனை வரியில் ஒட்டிவிடுகிறார்கள். எல்லாச் சோதனையும் பச்சை நிறத்தில் தேறிவிடும். நிரல் நேற்று செய்ததையே இன்றும் செய்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அது காட்டாது. தொடக்கப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் ஒன்றாக ‘முன் அனுமானித்தல்’ படித்தோமே, அதில் ‘முன்’ என்ற சொல் சும்மா போடப்பட்டதல்ல.

இன்னொரு பழக்கத்தையும் கைக்கொள்ளச் சொல்வேன். எழுதிய சோதனை ஒருமுறையாவது தோற்பதைப் பார்த்துவிடுங்கள். ‘எக்ஸ்பெக்ட்’ என்று தொடங்கி, விடையை அடைப்புக்குள் போட்டுவிட்டு, அதற்கு மேல் எழுத மறந்தால் நிரலகம் குறை சொல்லாது. ஒன்றையும் சோதிக்காமலே பச்சை காட்டும். ஓர் உணவில் ஐயோடின் கரைசலை விட்டோம், கருநீலம் வரவில்லை, ஆகவே மாவுச்சத்து இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அதே ஐயோடினைச் சோற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டாமா? பழைய ஐயோடினாக இருந்தால்? வேண்டுமென்றே நிரலில் ஓர் எண்ணை மாற்றிக் கெடுத்து, சோதனை சிவக்கிறதா என்று பார்ப்பதும் அதே சோற்றுச் சொட்டுதான்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில் ஆலன் டூரிங், பெரிய நிரல் ஒன்று சரிதானா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை அளித்தார். அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது நாம் ஆரம்பப்பள்ளியில் செய்யும் கூட்டல். பெரிய எண்களைக் கூட்டி விடையை மட்டும் எழுதினால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மீண்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையையும் மேலே கொண்டுபோகும் எண்ணையும் எழுதிவைத்தால், ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்கலாம். நிரல் எழுதுபவரும் அப்படி இடையிடையே தெளிவான அசெர்ஷன்களை எழுதிவைக்க வேண்டும் என்றார். கணினிகளே கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. ஜாவாஸ்கிரிப்ட் பிறக்க இன்னும் நாற்பத்தாறு ஆண்டுகள் இருந்தன.

இத்தனையும் சொன்னால் என் மாணவர்கள் உடனே சொல்வது, “டீச்சர், இது ரெட்டை வேலை.” ஆம், கூடுதல் வேலைதான். திரையில் ஒரு வானவில் வரையும் பத்து வரி நிரலுக்கு நானும் சோதனை எழுதுவதில்லை. வானவில் கோணலாக இருந்தால் கண் சொல்லிவிடும். ஆனால் புள்ளி, பணம், மருந்தளவு, வெப்பநிலை என்று யாரோ ஒருவர் நம்பி ஏற்கப்போகும் எண் எதுவானாலும் அங்கே இந்த வேலையைத் தவிர்க்க நமக்கு உரிமை இல்லை. அந்த மாணவி தன் விடைத்தாளைவிடத் திரையை நம்பினாள் என்பதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை என்பது அடுத்த தடை. அதற்கும் வழி உண்டு. எந்த உலாவியிலும் ‘கன்சோல் அசெர்ட்’ என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. நிபந்தனை பொய்யானால் ஒரு பிழைச் செய்தி காட்டும், நிரலை நிறுத்தாது. நோட் ஜேஎஸ் இருந்தால் அதன் உள்ளேயே ஓர் அசெர்ட் பகுதி உண்டு. இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் பிழை எறியும் ஃபங்ஷன் ஒன்றை நீங்களே ஐந்து வரியில் எழுதலாம். சாய் தரும் நல்ல பிழைச் செய்திகளும் வசதிகளும் அதில் கிடைக்காது. பரவாயில்லை, முதலில் பழக்கம் வரட்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நிரலையும் எழுதித் தருகிறது, சோதனைகளையும் எழுதித் தருகிறது. ஒரே கையால் வினாத்தாளும் விடைத்தாளும் எழுதுவதைப்போன்றது அது. விதியை அது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நிரலிலும் அதே தவறு, சோதனையிலும் அதே தவறு. இரண்டும் பச்சையாகக் கைகுலுக்கிக்கொள்ளும். நிரலை அதனிடம் கேட்டு வாங்குவதை நான் தடுக்கப்போவதில்லை. தடுத்தாலும் கேட்கவா போகிறீர்கள்? எதிர்பார்க்கும் விடைகளை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒப்படைப்பாக வரும் நிரலுக்குப் புள்ளி கொடுக்கும்போது, அதன் சோதனைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ‘ஓடுகிறது’ என்பதற்கு மட்டும் முழுப் புள்ளி கொடுக்கும்வரை மாணவர்கள் ஓடவைப்பதை மட்டுமே கற்பார்கள்.

எங்கள் கணினிக் கழகத்தில் இப்போது கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாள் வேண்டும். இடப்பக்கம் கொடுக்கும் மதிப்பு, வலப்பக்கம் வர வேண்டிய விடை. தரவரிசைப் பக்கத்தை மாணவர்களே புதிதாக எழுத முன்வந்தார்கள். தாளில் 100, 97, 88, 88, 45 என்று ஒருவர் எழுதினார். இருவருக்கு 88. இருவருக்கும் மூன்றாம் இடம் என்பதில் சண்டையில்லை. 45 எடுத்தவருக்கு நான்காம் இடமா, ஐந்தாம் இடமா? அரை மணி நேரம் வாதம் நடந்தது. “அவருக்கு மேல நாலு பேர் இருக்காங்க, அப்புறம் எப்படி நாலாவது?” என்று ஒரு பக்கம். “நாலாவது இடமே இல்லாம பரிசு எப்படிக் கொடுப்பீங்க?” என்று மறுபக்கம். இரண்டு முறையும் உலகில் வழக்கத்தில் உள்ளவைதான் என்றேன். முடிவை நான் சொல்லவில்லை. கடைசியில் கையுயர்த்தி வாக்கெடுத்து, 1, 2, 3, 3, 5 என்று வலப்பக்கத்தில் எழுதினார்கள். அதை எழுதியவள் அன்று கடைசி இடத்தில் பெயர் வந்த அதே மாணவி. பிறகுதான் கணினியைத் திறந்தோம்.